சேவையக மென்பொருள் நிறுவலில் கட்டளைவரித் தெரிவுகள்: தொடரமைப்பும் பொருள்கோளும்

ஆய்வுச் சுருக்கம்

சேவையக மென்பொருளை ஷெல் நிரல் வழியாக நிறுவும்போது, நிறுவுபவரின் விருப்பங்களை நிரலுக்கு உணர்த்தும் கருவிகளாகக் கட்டளைவரித் தெரிவுகள் அமைகின்றன. இவற்றின் தொடரமைப்பு வரையறுத்த மரபுகளைக் கொண்டது. எனினும் அம்மரபுகளைப் பின்பற்றுமாறு கணினி எந்த நிரலையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒவ்வொரு நிறுவல் நிரலும் தெரிவுகளைத் தன் போக்கில் பொருள்கொள்கிறது. என்ஜின்எக்ஸ், போஸ்ட்கிரெஸ்கியூஎல், டாக்கர், கே3எஸ் ஆகிய மென்பொருள்களின் நிறுவல் முறைகளைச் சான்றாகக் கொண்டு, தெரிவுகளின் அமைப்பையும் அவை பிறழ உணரப்படும் இடங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. பிழையான தெரிவைக் காட்டிலும், பிழையென்று அறிவிக்கப்படாத தெரிவே சேவையகத்திற்குப் பெருந்தீங்கு விளைப்பது என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச் சொற்கள்: கட்டளைவரி, தெரிவு, ஷெல் நிரல், இயல்பு மதிப்பு, சூழல் மாறி, தொகைநிலை, சேவையகம்.

முன்னுரை

இணையதளங்களையும் தரவுத்தளங்களையும் இயக்கும் சேவையகக் கணினிகளுள் பெரும்பாலானவற்றில் சுட்டியால் சொடுக்கி நிறுவும் வரைகலைத் திரை இருப்பதில்லை. நிர்வாகி தொலைவிலிருந்து எழுத்து வடிவக் கட்டளைகளைத் தட்டச்சிட்டே அவற்றை ஆள்கிறார். மென்பொருளை நிறுவுதற்குரிய பல படிகளை ஒரே கோப்பில் வரிசைப்படுத்தித் தருவது ஷெல் நிரல். அதனை இயக்கும்போது உடன் எழுதப்படும் சிறு குறிப்புகளே தெரிவுகள். மென்பொருள் எந்த அடைவில் அமையவேண்டும், எந்தப் பயனரின் பெயரில் இயங்கவேண்டும், மறைகுறியாக்க வசதி வேண்டுமா வேண்டாவா என்பன போன்ற முடிவுகள் இவற்றின் வழியே தெரிவிக்கப்படுகின்றன.

நிறுவல் நிரல் பெரும்பாலும் ரூட் எனப்படும் முழு அதிகாரம் கொண்ட பயனரின் பெயரில் இயங்குகிறது. எனவே அதற்குச் சொல்லப்படும் ஒரு சொல்லின் பொருள் மாறுபட்டால், அதன் விளைவு கணினி முழுவதையும் தாக்கக்கூடும். தெரிவுகளை மொழிநோக்கில் ஆராய்வது இதனால் தேவையாகிறது. இக்கட்டுரையில் கட்டளைச் சொற்கள் ஒலிபெயர்ப்பில் தரப்படுகின்றன. கணினியில் அவை உரோமன் எழுத்துகளிலேயே இடப்படும்.

1. தெரிவு மரபின் வளர்ச்சி

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளம் தோன்றிய காலத்திலேயே, சிறுகோட்டை முன்னிட்ட ஓரெழுத்துத் தெரிவுகள் வழக்கிற்கு வந்தன. 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்புடன் வெளிவந்த போர்ன் ஷெல், நிரல் எழுதுவதற்கேற்ற முழுமையான மொழியாக அமைந்தது. இன்றைய நிறுவல் நிரல்கள் பலவும் அதன் வழிவந்த இலக்கணத்தையே பின்பற்றுகின்றன.

தொடக்கத்தில் ஒவ்வொரு நிரலும் தெரிவுகளைத் தன் விருப்பப்படி வாசித்தது. இந்த வேறுபாட்டைக் களைய எழுந்த கெட்ஆப்ட் என்னும் பொது வாசிப்பு நிரற்கூறு 1985இல் பொதுவுடைமையாக வெளியிடப்பட்டது. பின்னர் எழுந்த போசிக்ஸ் தரநிலை, தெரிவுகளின் தொடரமைப்பிற்கு வழிகாட்டு விதிகளை வகுத்தது. தெரிவின் பெயர் ஓரெழுத்தாக இருத்தல், மதிப்பு வேண்டாத தெரிவுகளை ஒரே சிறுகோட்டின் பின் சேர்த்தெழுதலாம் என்பது, இரட்டைச் சிறுகோடு தனித்து வரின் அதன்பின் வருவன தெரிவுகள் அல்ல என்பது ஆகியன அவற்றுட் சில. க்னூ திட்டம் இவற்றோடு இரட்டைச் சிறுகோட்டை முன்னிட்ட முழுச்சொல் தெரிவுகளை வழக்கிற்குக் கொணர்ந்தது. 'ஹெல்ப்', 'வெர்ஷன்' என்னும் இரு தெரிவுகளை எல்லா நிரல்களும் ஏற்கவேண்டும் என்பதும் அத்திட்டத்தின் நெறியாகும்.

ஓரெழுத்துத் தெரிவு விரைவாகத் தட்டச்சிடுவதற்கு உகந்தது. முழுச்சொல் தெரிவு பின்னர் வாசிப்பதற்கு உகந்தது. நிறுவல் கட்டளை ஒருமுறை எழுதப்பட்டுப் பலமுறை பிறரால் வாசிக்கப்படுவதாதலின், நிறுவல் நிரல்களில் முழுச்சொல் தெரிவுகளே மிகுதியாக இடம்பெறுகின்றன.

2. தொடரமைப்பு: விரிந்த உருபும் தொக்க உருபும்

கட்டளைவரி என்பது ஓர் ஏவல் தொடர். அதன் முதற்சொல் செய்யவேண்டிய செயலைக் குறிக்கிறது. எஞ்சியவை அச்செயலின் தன்மையையும் செயப்படுபொருளையும் உணர்த்துகின்றன. தமிழில் அடை, தான் தழுவும் சொல்லுக்கு முன் நிற்கும். கட்டளைவரியிலோ ஏவற்சொல் முன்னும் அடைகள் பின்னுமாக நிற்கின்றன.

கட்டளையோடு வரும் மதிப்புகள் இருவகைப்படும். முதல்வகை, தெரிவின் பெயரோடு வருவது. 'பிரிஃபிக்ஸ்' என்னும் தெரிவின் பின் சமக்குறியிட்டு ஓர் அடைவின் பெயரை எழுதினால், அவ்வடைவே நிறுவற்குரிய இடம் என்பது வெளிப்படை. இரண்டாம் வகை, பெயரின்றி நிற்கும் இடத்தால் மட்டுமே பொருள்படுவது. கோப்பைப் படியெடுக்கும் கட்டளையில் முதலில் நிற்பது மூலம், அடுத்து நிற்பது சேருமிடம். அவற்றை அவ்வாறு உணர்த்தும் சொல் எதுவும் கட்டளையில் இல்லை.

இவ்விரு வகைகளும் தமிழிலக்கணம் கூறும் வேற்றுமை விரியையும் வேற்றுமைத் தொகையையும் ஒத்துள்ளன. உருபு வெளிப்பட நின்றால் சொற்கள் இடம் மாறினும் பொருள் மாறாது. 'கண்ணன் இராமனைக் கண்டான்' என்பதும் 'இராமனைக் கண்ணன் கண்டான்' என்பதும் ஒரே நிகழ்வைக் கூறுகின்றன. அதுபோலப் பெயருடைய தெரிவுகளையும் பொதுவாக எவ்வரிசையிலும் எழுதலாம். உருபு தொக்க இடத்தில் பொருள் பலவாறு விரியக்கூடும். தொகைமொழிகள் இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கக்கூடும் என்று நன்னூல் கூறுகிறது. மக்கள் வழக்கில் இம்மயக்கத்தைச் சூழல் தீர்த்துவைக்கும். கணினிக்கு அத்தகைய சூழலறிவு இல்லை. இரு மதிப்புகள் இடம் மாறி எழுதப்பட்டால் அது ஐயுறுவதில்லை. மாறிய பொருளையே நிறைவேற்றுகிறது. நிறுவல் நிரல்களில் பெயருடைய தெரிவுகளே ஏற்றவை என்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

3. நிரல் தெரிவுகளை வாசிக்கும் முறை

ஷெல்லில் உள்ளமைந்த 'கெட்ஆப்ட்ஸ்' என்னும் கட்டளை, போசிக்ஸ் தரநிலையின்படி ஓரெழுத்துத் தெரிவுகளை மட்டுமே வாசிக்கும். முழுச்சொல் தெரிவுகளை ஏற்க விரும்பும் நிறுவல் நிரல்கள் பலவும், தமக்குரிய வாசிப்புப் பகுதியைத் தாமே எழுதிக்கொள்கின்றன. அப்பகுதி ஒரு சுழற்சியாக அமையும்: முதற்சொல்லை நோக்குதல், அறிந்த தெரிவுகளோடு ஒப்பிடுதல், பொருந்தின் அதற்குரிய மாறியில் மதிப்பை இருத்தல், அச்சொல்லை நீக்கி அடுத்ததை முன்னிறுத்துதல்.

இச்சுழற்சி எளிதாகத் தோன்றினும் இரு வழுக்களுக்கு இடந்தருகிறது. முதலாவது, மதிப்பு வேண்டும் தெரிவு ஒன்று மதிப்பின்றி இறுதியில் நிற்பது. தெரிவு, மதிப்பு ஆகிய இரு சொற்களையும் ஒருங்கே நீக்க முனையும் நிரல், ஒரு சொல்லே எஞ்சியிருக்கும் இடத்தில் தடுமாறும். பாஷ் என்னும் ஷெல்லில் அந்நீக்கம் நிகழாமலே போவதால், இப்பிழையைச் சோதிக்காத சுழற்சி முடிவின்றி இயங்கிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, மதிப்பு விடுபட்ட தெரிவு தன்னை அடுத்து நிற்கும் தெரிவையே மதிப்பாக விழுங்குவது. பதிப்பெண் கேட்கும் தெரிவை மதிப்பின்றி எழுதி, அதன்பின் ஒத்திகைத் தெரிவை எழுதினால், ஒத்திகையைக் குறிக்கும் சொல் பதிப்பின் பெயராகக் கொள்ளப்படலாம். அந்நிலையில் நிரல் தன்னை ஒத்திகை பார்க்கச் சொன்னதாக அறியாது.

வாங்கிய மதிப்பு சிறுகோட்டில் தொடங்குகிறதா, வெற்றாக உள்ளதா என்று சோதித்தபின் ஏற்பதே இவ்விரு வழுக்களுக்கும் தீர்வாகும்.

4. அறியாத தெரிவை எதிர்கொள்ளும் முறை

நிறுவுபவர் தெரிவின் பெயரைப் பிழையாக எழுதும்போது நிரல் என்ன செய்யவேண்டும் என்பது இவ்வாய்வின் மையமான வினா. இதற்கு நடைமுறையில் இருவேறு விடைகள் உள்ளன.

என்ஜின்எக்ஸ் என்னும் இணையச் சேவையக மென்பொருள் 2004இல் பொதுவெளியீடு கண்டது. மூலநிரலிலிருந்து அதனை உருவாக்கும்போது இயக்கப்படும் 'கன்ஃபிகர்' நிரல், கையால் எழுதப்பட்ட ஷெல் நிரலாகும். தான் அறியாத தெரிவு எதனைக் கண்டாலும் அது பிழைச்செய்தியை அச்சிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளின் 'கன்ஃபிகர்' நிரல், 1991இல் தொடங்கப்பட்ட ஆட்டோகான்ஃப் என்னும் கருவியின் வழி உருவாக்கப்படுவது. இக்கருவி ஆக்கும் நிரல்கள், 'வித்', 'எனேபிள்' என்னும் முன்னொட்டுடைய தெரிவுகளுள் அறியாதவற்றைக் கண்டால், இயல்பாக எச்சரிக்கை மட்டும் அச்சிட்டுவிட்டுத் தொடர்கின்றன. இதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு மென்பொருள் தொகுப்பினுள் பல உட்தொகுப்புகள் இருக்கும்போது, மேல்நிலை நிரல் தான் பெற்ற தெரிவுகள் அனைத்தையும் உட்தொகுப்புகளின் நிரல்களுக்குக் கடத்துகிறது. ஒன்றிற்குரிய தெரிவு மற்றொன்றிற்கு அறியாததாக இருப்பது இயல்பு. ஒவ்வொன்றும் அதன்பொருட்டு நின்றுவிடின் நிறுவலே நிகழாது.

காரணம் ஏற்புடையதாயினும் விளைவு கடுமையானது. மறைகுறியாக்கத்திற்குரிய 'வித் ஓப்பன்எஸ்எஸ்எல்' என்னும் தெரிவை எழுதும்போது ஓர் எழுத்து விடுபட்டதாகக் கொள்வோம். நிரல் எச்சரிக்கையை அச்சிடும். பல நூறு வரிகள் ஓடும் திரையில் அது கண்ணிற் படாமல் போகக்கூடும். தரவுத்தளம் மறைகுறியாக்க வசதியின்றி உருவாகிப் பிழையின்றி இயங்கத் தொடங்கும். அதனோடு இணையும் நிரல்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நூலகத்தின் இயல்பான இணைப்பு முறை, மறைகுறியாக்கம் கிடைத்தால் பயன்படுத்துவதும் கிடைக்காவிடில் வெளிப்படையாகவே இணைவதும் ஆகும். ஆகவே இணைப்பும் தடையின்றி நிகழும். கடவுச்சொல்லால் காக்கப்படும் தரவு, வலையமைப்பில் எவரும் படிக்கக்கூடிய வடிவில் செல்லும். எழுத்துப்பிழை, எச்சரிக்கை, உருவாக்கம், இணைப்பு என்னும் நான்கு நிலைகளிலும் எதுவும் தடைப்படவில்லை என்பதே இங்குள்ள இடர்.

ஆட்டோகான்ஃப் நிரல்களில் 'எனேபிள் ஆப்ஷன் செக்கிங்' என்னும் தெரிவிற்கு 'ஃபேட்டல்' என்னும் மதிப்பைத் தந்தால், எச்சரிக்கை பிழையாக மாறி நிறுவல் நின்றுவிடும். உட்தொகுப்புகளற்ற சேவையக நிறுவல்களில் இதனைச் சேர்த்தெழுதுவது பாதுகாப்பானது.

5. சொல்லாத தெரிவின் பொருள்

நிறுவுபவர் ஒரு தெரிவை எழுதாமல் விடுவதும் ஒரு முடிவே. அவ்விடத்தில் நிரலாசிரியர் முன்கூட்டியே வைத்த இயல்பு மதிப்பு நடைமுறைக்கு வருகிறது. என்ஜின்எக்ஸில் 'பிரிஃபிக்ஸ்' தெரிவை எழுதாவிடில், 'யூஎஸ்ஆர்' அடைவின்கீழ் 'லோக்கல்' உள்ளடைவிலுள்ள 'என்ஜின்எக்ஸ்' என்னும் அடைவே நிறுவிடமாகும். லினக்ஸ் வழங்கல்கள் தரும் ஆயத்தத் தொகுப்புகளோ, உள்ளமைவுக் கோப்புகளை 'ஈடிசி' அடைவின்கீழ் வைக்கின்றன. ஆயத்தத் தொகுப்பு ஏற்கெனவே உள்ள கணினியில், இடத்தைச் சுட்டாமல் மூலநிரலிலிருந்து நிறுவினால், ஒரே மென்பொருளின் இரு படிகள் இருவேறு உள்ளமைவுக் கோப்புகளுடன் நிற்கும். நிர்வாகி ஒரு கோப்பைத் திருத்த, இயங்கும் படி மற்றொன்றை வாசிக்கும் நிலை இதனால் ஏற்படுகிறது.

பாதுகாப்பான இணைப்பிற்குரிய எஸ்எஸ்எல் கூறும் என்ஜின்எக்ஸில் கேட்டாலன்றிச் சேர்க்கப்படுவதில்லை. எனினும் அக்கூறு இல்லாத நிலையில் உள்ளமைவுக் கோப்பு அதனைக் கோரினால், என்ஜின்எக்ஸ் குறையைச் சுட்டிக்காட்டித் தொடங்க மறுக்கிறது. இயல்பு மதிப்பு எதுவாயினும், அதன் விளைவு உரிய நேரத்தில் வெளிப்படுவது நன்று என்பதற்கு இது சான்று.

உருவாக்கத்தின்போது வழங்கப்பட்ட தெரிவுகளைப் பின்னர் அறியும் வழியும் இன்றியமையாதது. என்ஜின்எக்ஸைப் பெரிய எழுத்து 'வி' என்னும் தெரிவுடன் இயக்கினால், அது உருவாக்கப்பட்டபோது எழுதப்பட்ட தெரிவுகள் முழுவதும் அச்சிடப்படும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் 'பிஜி கன்ஃபிக்' என்னும் துணைக்கட்டளை 'கன்ஃபிகர்' தெரிவுடன் இதே பணியைச் செய்கிறது. நிறுவியவர் பணிமாறிச் சென்றபின்னும் அவர் எடுத்த முடிவுகளை அடுத்து வருபவர் அறிய இவை துணைபுரிகின்றன.

6. சூழல் மாறியும் அண்மை நிலையும்

நிறுவல் நிரலை இணையத்திலிருந்து இறக்கி, கோப்பாகச் சேமிக்காமல் குழாய்க்குறி வழியாக ஷெல்லுக்கு நேரே செலுத்தும் வழக்கம் இன்று பரவியுள்ளது. இம்முறையில் நிரலுக்குத் தனிக்கோப்பு இன்மையால், தெரிவுகளை அதன் பெயருக்குப் பின் எழுத இயலாது. ஷெல்லுக்குச் சிற்றெழுத்து 'எஸ்' தெரிவையும், அதன்பின் இரட்டைச் சிறுகோட்டையும் தந்தபின் எழுதப்படுவன மட்டுமே நிறுவல் நிரலைச் சேரும். இக்குறிகள் இல்லையேல், ஷெல் அவற்றைத் தனக்குரிய தெரிவுகளாகக் கருதும்.

இச்சிக்கலுக்கு மாற்றாகச் சில நிரல்கள் சூழல் மாறிகள் வழியாக விருப்பங்களைப் பெறுகின்றன. ராஞ்சர் நிறுவனம் 2019இல் வெளியிட்ட கே3எஸ் என்னும் எளிய குபெர்னெட்டீஸ் வழங்கல் இதற்கு எடுத்துக்காட்டு. அதன் நிறுவல் நிரலுக்கு எந்தப் பணியை ஏற்கவேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லாவிடில், 'கே3எஸ் யூஆர்எல்' என்னும் சூழல் மாறி உள்ளதா என்று நோக்குகிறது. இருந்தால் கணினியை ஏற்கெனவே உள்ள தொகுதியின் முகவராக நிறுவும். இல்லையேல் அதனைப் புதிய சேவையகமாக நிறுவும்.

இம்மாறியை எவ்விடத்தில் எழுதுவது என்பதில் நுட்பம் உள்ளது. கட்டளைக்கு முன் எழுதப்படும் சூழல் மாறி, தன்னை அடுத்து நிற்கும் கட்டளையை மட்டுமே தழுவும். குழாய்க்குறிக்கு முன்னுள்ள 'கர்ல்' என்னும் இறக்கக் கட்டளையின் முன் அதனை எழுதினால், அம்மாறி 'கர்ல்' கட்டளையையே சேரும். குழாய்க்குறிக்குப் பின்னுள்ள ஷெல்லை அடையாது. முகவராக அமையவேண்டிய கணினி, எப்பிழைச்செய்தியும் இன்றித் தனித்ததொரு சேவையகமாக நிறுவப்பட்டுவிடும். மாறியைக் குழாய்க்குறிக்குப் பின், ஷெல்லின் பெயருக்கு முன் எழுதுவதே முறை. அடை தான் கருதிய சொல்லை விட்டுப் பிறிதொன்றனைத் தழுவினால் பொருள் திரியும் என்னும் மொழியியல்பு இங்கும் காணப்படுகிறது. 'சூடோ' கட்டளை இயல்பாகவே பெரும்பாலான சூழல் மாறிகளைக் களைந்துவிடும் என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

7. இடைவெளி, வெற்று மதிப்பு, மறைபொருள்

ஷெல் இடைவெளியைச் சொல்லெல்லையாகக் கொள்கிறது. 2011இல், மடிக்கணினிகளின் வரைகலைச் செயலிகளை ஆளும் பம்பிள்பீ என்னும் மென்பொருளின் நிறுவல் நிரலில், நீக்கல் கட்டளை ஒன்றில் 'யூஎஸ்ஆர்' என்னும் அடைவுப் பெயரை அடுத்துத் தேவையற்ற ஓர் இடைவெளி புகுந்தது. ஒரு சிறு உள்ளடைவை நீக்கவேண்டிய கட்டளை, இயங்குதளத்தின் பெரும்பகுதி அமைந்துள்ள 'யூஎஸ்ஆர்' அடைவு முழுவதையும் நீக்கும் பொருளைப் பெற்றது. அது சேவையக மென்பொருள் அன்று. ஆயினும் ரூட் அதிகாரத்தில் இயங்கும் எந்த நிறுவல் நிரலுக்கும் அவ்விடர் பொதுவானது.

தெரிவின் வழி வரும் அடைவுப் பெயரில் இடைவெளி இருந்தாலும் இதே பிளவு நேரும். மாறியை இரட்டை மேற்கோள்குறிக்குள் எழுதுவதால் இதனைத் தவிர்க்கலாம். மதிப்பு வெற்றாக வந்தால், அதன்பின் ஒட்டப்படும் சாய்கோடு தனித்து நின்று கோப்பு முறைமையின் வேர் அடைவைக் குறித்துவிடும். ஷெல்லின் 'யூ' தெரிவு, மதிப்பளிக்கப்படாத மாறியைப் பிழையாகக் காட்டும். வெற்று மதிப்பளிக்கப்பட்டதைக் காட்டாது. ஆகையால் நீக்கல் கட்டளைக்கு முன் வெறுமையைத் தனியே சோதித்தல் வேண்டும்.

கடவுச்சொல்லைத் தெரிவின் மதிப்பாக எழுதுவது மற்றோர் இடர். லினக்ஸின் வழக்கமான அமைப்பில், இயங்கும் கட்டளையின் முழுவரியையும் அக்கணினியின் பிற பயனர்கள் பார்க்க இயலும். ஷெல்லின் கட்டளை வரலாற்றுக் கோப்பிலும் அது தங்கிவிடும். மறைபொருளை நேரே எழுதாமல், அது உள்ள கோப்பின் இடத்தைத் தெரிவாகத் தருவதே முறை. கே3எஸ்ஸில் இணைப்பு அடையாளச் சொல்லை இவ்வாறு கோப்பு வழியாகத் தரும் வசதி உண்டு.

8. ஒத்திகைத் தெரிவு

நிறுவல் நிரலின் பொருள்கோளை, விளைவு நிகழும் முன்னரே நிறுவுபவர் அறிந்துகொள்ள உதவுவது ஒத்திகைத் தெரிவு. டாக்கர் மென்பொருளின் எளிய நிறுவல் நிரலில் 'டிரை ரன்' என்னும் தெரிவு இப்பணியைச் செய்கிறது. அதனைச் சேர்த்து இயக்கினால், நிரல் செய்யவிருக்கும் கட்டளைகள் அச்சிடப்படும், எதுவும் நிறைவேற்றப்படாது. அந்நிரலை உற்பத்திச் சேவையகங்களில் பயன்படுத்த வேண்டா என்றும், பெரும்பாலான நிறுவல் கூறுகளை அதில் மாற்றியமைக்க இயலாது என்றும் டாக்கரின் ஆவணமே அறிவுறுத்துகிறது. குறைந்த தெரிவுகள் நிறுவலை எளிதாக்குகின்றன. அதே வேளையில் முடிவுகளை நிறுவுபவரிடமிருந்து நிரலாசிரியரிடம் மாற்றிவிடுகின்றன என்பதை இவ்வறிவுரை உணர்த்துகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன:

1. பெயருடைய தெரிவு உருபு விரிந்த தொடரை ஒத்தது. இடத்தால் பொருள்படும் மதிப்பு தொகையை ஒத்தது. மயக்கத்திற்கு இடமில்லாமையால் நிறுவல் நிரல்களுக்கு முன்னதே ஏற்றது.

2. அறியாத தெரிவைக் கண்டு நின்றுவிடும் நிரல், எச்சரித்துவிட்டுத் தொடரும் நிரலைவிடப் பாதுகாப்பானது.

3. சூழல் மாறி தனக்கு அண்மையிலுள்ள கட்டளையையே தழுவும். தன் இருப்பால் நிறுவலின் இயல்பையே மாற்றும் மாறி, தவறான இடத்தில் எழுதப்பட்டதை நிரல் தானே அறிய இயலாது. ஆகவே ஏற்கவேண்டிய பணியை வெளிப்படையாக எழுதுவது நன்று.

4. வெற்று மதிப்பைச் சோதித்தல், மாறிகளை மேற்கோள்குறிக்குள் எழுதுதல், மறைபொருளைக் கோப்பு வழியாகத் தருதல் ஆகியன நிரலாசிரியரின் கடமைகள். ஒத்திகை பார்த்தலும், முழுச்சொல் தெரிவுகளையே எழுதி அக்கட்டளையைப் பதிந்து வைத்தலும் நிறுவுபவரின் கடமைகள்.

கேட்பவர் ஐயுற்று வினவும் வாய்ப்பு, மனிதர்களின் உரையாடலில் பிழையைத் திருத்தும் வழியாக அமைகிறது. கட்டளைவரியில் அவ்வாய்ப்பை நிரலாசிரியர் முன்கூட்டியே எழுதிவைத்தாலன்றி அது இல்லை. தெரிவைப் புரிந்துகொள்ளாத நிரல் அதனை வெளிப்படையாக அறிவித்து நிற்பது, நிறுவுபவரின் சொல்லுக்கு அது அளிக்கும் மதிப்பாகும்.